புழுக்கத்தின் மரபணு

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் கண்ட மகத்தான கண்டுபிடிப்பு எங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் நிகழ்ந்தது. அன்று பிடித்த ஜலதோஷம் எனக்கு இன்னும் விடவில்லை. ஆகவே இந்த வரலாற்றை மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் மேலாளர் கோட்டு அணிபவர். இடியே விழுந்தாலும் கழற்ற மாட்டார். அறைக்குள் வந்ததும், "என்னய்யா இப்படிப் புழுங்குது!" என்பார். ஏ.சி. பதினாறுக்கு இறங்கும். நாங்கள் ஆறு பேரும் உடனே கோப்புகளை எடுத்து விசிறிக்கொள்வோம். பற்கள் தந்தியடிக்கும். ஆனாலும் விசிறுவோம். இப்படியொரு "ஒருமித்த உணர்வு" வேறு எந்த நிறுவனத்துக்கு வாய்த்திருக்கிறது?

அதற்கும் ஒரு கண்டம் வந்தது. புதிதாகச் சேர்ந்த கணக்கர் அம்மாளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. படுத்த படுக்கையாயிருக்கும் அப்பாவின் மருந்துக்கு இந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வழியில்லை. அப்படிப்பட்டவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா?

"எனக்குக் குளிருது சார். நீங்க அந்தக் கோட்டைக் கழட்டினா புழுக்கம் போயிடுமே."

ஆறு கோப்புகளும் அந்தரத்தில் நின்றன.

மேலாளர் கோபப்படவில்லை. விஞ்ஞானம் தெரிந்தவர் அல்லவா?

"பாவம், அந்தம்மா என்ன பண்ணும்? பணிவெல்லாம் ரத்தத்துல வரணும்யா. நூலைப் போல சேலை. உங்க ஆறு பேருக்கும் அந்த மரபணு இருக்கு, அதுக்கு இல்ல. சோதிச்சுப் பாத்துருவோம்."

இல்லையென்று நிரூபணமானால் அவரை வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. தண்டனையாக அல்ல, "இயற்கையின் தீர்ப்பாக".

மரபணு டாக்டர் வந்தார். மூன்று நாள் தொடர்ந்து எங்கள் ஏழு பேர் வாயிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எச்சில் எடுத்தார். முதல் நாள் வெடவெடத்துப்போய், "இதுக்குள்ள எப்படிங்க குந்தியிருக்கீங்க?" என்று கேட்டார். மறுநாள் மப்ளரோடு வந்தார். மூன்றாம் நாள் மேலாளர் "புழுங்குதே" என்றதும், டாக்டரின் கை தானாகக் கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றியது. நெற்றி காய்ந்துதான் கிடந்தது. ஒழுகியது மூக்கு.

முடிவைக் கேட்கக் கூட்டம் கூடியது.

"பணிவு மரபணுன்னு தனியா ஒண்ணு கெடையாதுங்க," என்று டாக்டர் தொடங்கினார். "பொறப்பு கொஞ்சம், கூட இருக்கிறவங்க பழக்கம் கொஞ்சம், ரெண்டும் பின்னிக் கெடக்கும். பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்பாங்களே, அந்த மாதிரி."

கணக்கருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்கும் சந்தோஷம்தான். விசிறியபடியே சந்தோஷப்பட்டேன்.

மேலாளர் எங்கள் சம்பளப் பட்டியலில் கையெழுத்திடும் பேனாவைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தார். டாக்டரின் கட்டண ரசீது இன்னும் கையெழுத்தாகாமல் அவர் முன்னால் கிடந்தது. பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க டாக்டர். இவங்க ஆறு பேருக்கும் இருக்கு, அந்தம்மாவுக்கு இல்ல. அப்படித்தானே?"

டாக்டர் பேனாவைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"அப்படியும்... சொல்லலாம் சார்," என்றார். கையெட்டும் தூரத்தில் இருந்த கோப்பு ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டார். "அப்பப்பா, என்ன புழுக்கம்!"

கணக்கர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டாக்டர், இவங்க எல்லாம் உங்களுக்குச் சொந்தக்காரங்களா?"

"இல்லம்மா. போன வாரம்தான் முகத்தையே பாத்தேன்."

உண்மைதான். எங்களுக்கும் டாக்டருக்கும் ரத்த சம்பந்தம் ஏதுமில்லை. எல்லோரும் ஒரே பேனாவுக்குப் பிறந்தவர்கள், அவ்வளவுதான்.