நியூட்ரல் சார் பூக்கட்டிப் பார்த்த ஃபைனல்

மனைவியோடு சண்டை போடக்கூடப் பொது இடம் தேடிப் போன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் நியூட்ரல் சார்.

வீட்டுக்குள் சண்டை போட்டால் நியாயம் கிடைக்காது என்பது அவர் கட்சி. சமையலறைப் பக்கம் என்றால் கோமதி அக்காவின் கை ஓங்கிவிடும். டி.வி. பக்கம் என்றால் இவர் கை ஓங்கிவிடும். அதனால் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் ஓர் இந்தியன் கிராசரிக் கடையின் பார்க்கிங் லாட்டில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, இருவரும் முறை வைத்துக் கத்துவார்கள். முடிந்ததும் அக்கா இறங்கிப் போய்க் கறிவேப்பிலை வாங்கி வருவார்.

"ஊட்லயே சண்டை போட்டிருந்தா இன்னேரம் சாம்பார் கொதிச்சிருக்குமுங்க" என்பது அக்காவின் நிரந்தரப் புகார்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. தாம்பரத்திலிருந்து டெக்ஸாஸ் போய் இறங்கி மூன்று வாரம் ஆகியிருந்த எனக்கு எல்லாவற்றிலும் பயம். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் வேலை போய்விட்டதோ என்று பயம். ஆபீஸில் என் பக்கத்து கியூபிக்கிளில் இருந்தவர்தான் நியூட்ரல் சார். கரூர்க்காரர், நாற்பத்தைந்து வயது, கேஸ் பைப்லைன் எஞ்சினியர். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கேரம் ஆட வந்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. உங்கள் வீட்டிலும் ஆட மாட்டார், தன் வீட்டிலும் ஆட மாட்டார். மூன்றாவது ஆள் வீடு வேண்டும், அந்த மூன்றாவது ஆளுக்குக் கேரம் பிடிக்காமலும் இருக்க வேண்டும். மகனுடைய பிறந்தநாளுக்கு மியூசிக்கல் சேர் விளையாட்டைப் பொதுப் பூங்காவில் வைத்தார். "எங்கூட்டு நாற்காலில எது ஆடும்னு அவனுக்குத் தெரியுமுங்க தம்பி. மத்த பசங்களுக்குத் தெரியாதுங்களே" என்றார். மகன் முதல் சுற்றிலேயே அவுட்டாகி அழுதான். இவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

இன்னொரு குணமும் உண்டு. கார் ஓட்டுவார், ஆனால் freeway-யில் ஏற மாட்டார். அதன் ஓரமாகவே சிக்னல் சிக்னலாக நின்று போகும் feeder road-தான் அவருக்கு. கேட்டால், "எல்லாரும் எழுவதுல வந்துட்டிருக்கறப்ப நாம நடுவுல பூந்து merge பண்றது நியாயமில்லீங்க" என்பார். உள்ளங்கை மட்டும் ஸ்டீயரிங்கில் வேர்த்திருக்கும்.

இப்படிப்பட்டவரைத்தான் டெக்லன் கண்டுபிடித்தான். டெக்லன் எங்கள் ஆபீஸிலேயே வேலை பார்த்த ஐரிஷ்காரன். அவர்கள் ஊரில் கேலிக் ஃபுட்பால் என்று ஒன்று உண்டு. பந்தைக் கையாலும் அடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். H எழுத்து மாதிரி நிற்கும் கம்பத்தின் நடுக்கட்டைக்கு மேலே போனால் ஒரு பாயின்ட், கீழே வலைக்குள் போனால் மூன்று. ஹூஸ்டனில் ஓர் அணி, டாலஸில் ஓர் அணி, இன்னும் இரண்டு ஊரில் இரண்டு அணி. நாலே அணிக்கு ஒரு சாம்பியன்ஷிப், எந்த ஊரில் ஆடுவது என்று நாலாயிரம் தகராறு. நடுநிலையான ஆள் ஒருவர் இருந்தால்தான் தீரும் என்ற நிலையில், கேரம் ஆடவே மூன்றாவது வீடு தேடுகிறவரைப் பற்றி டெக்லன் போனில் சொன்னானாம். டாலஸ் கேப்டன் பிரெண்டன் உடனே சம்மதித்துவிட்டான். பந்தைத் தொட்டே பார்க்காத, முட்டை கூடச் சாப்பிடாத கரூர்க்காரர் ஐரிஷ்காரர்களுக்கு நாட்டாமை ஆனது இப்படித்தான்.

பதவி வந்ததிலிருந்து சாருக்கு நிம்மதி போயிற்று. சொந்த மைதானத்தில் ஆடுகிறவனுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரியும். கடித்தால் தீயாய் எரியும் எறும்புப் புற்று எந்த மூலையில் இருக்கிறது என்றும் தெரியும். வருகிறவனுக்குத் தெரியாதே! புற்றுகளை மேப் போட்டு எதிரணிக்கு fax அனுப்பினார். நாலு மணி நேரம் பிரயாணம் செய்து களைத்து வருகிற அணிக்குச் சமமாக, உள்ளூர் அணியும் ஆட்டத்துக்கு முன்னால் ஊரைச் சுற்றி நாலு மணி நேரம் drive பண்ண வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அதை ஆதரித்து விழுந்த ஒரே ஓட்டு அவருடையது. ஃபைனல் டிராவானால் மறு ஆட்டம், தூரத்துக்குப் பரிகாரமாக, முதலில் பிரயாணம் செய்து வந்த அணியின் ஊரில் நடக்கும் என்ற விதியை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த வருஷம் ஃபைனலுக்கு வந்தவை ஹூஸ்டனும் டாலஸும். எந்த ஊரில்?

இங்கேதான் சிக்கல். டெக்லனுக்கு முழங்கால் போய்விட்டது. இதுதான் அவன் கடைசி ஆட்டம். ஊரில் மாட்டுப்பண்ணை வைத்திருந்த அவன் அப்பா, மகன் சின்ன வயதில் ஆடிய ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லையாம். மகன் அமெரிக்கா வந்து எட்டு வருஷத்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இதய ஆபரேஷன் முடிந்த கையோடு இந்த ஃபைனலுக்காகவே வருகிறார். ஹூஸ்டனில் என்றால் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். டாலஸ் என்றால் நாலு மணி நேரம். தொடர்ந்து அரை மணிக்கு மேல் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ரெண்டு பேர் ஊரும் வேணாமுங்க, அம்மாகிட்ட உட்ரலாம்" என்று நியூட்ரல் சார் என்னைப் பேர்லேண்ட் அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். பூக்கட்டிப் பார்ப்பது அவர் முடிவு. சிவப்பு அரளி ஹூஸ்டன், வெள்ளை மல்லி டாலஸ். இரண்டையும் தாளில் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் வைத்தார். குருக்களிடம் "குடும்ப விஷயமுங்க" என்று மட்டும் சொன்னார். ஒன்றும் அறியாத குழந்தை எடுக்க வேண்டும் என்பது முறை.

"இந்த ஆட்டத்தைப் பத்தி உங்களுக்கு எதாச்சும் தெரியுங்களா தம்பி?"

"ஒண்ணும் தெரியாது சார்."

"போதுமுங்க. நீங்களே எடுங்க."

குனிந்தேன். எது மல்லி என்று மூக்கு உடனே சொல்லிவிட்டது. டெக்லன் காட்டிய போட்டோவில் தொப்பியோடு சிரித்த கிழவர் ஞாபகத்துக்கு வந்தார். என் கை மற்றப் பொட்டலத்தை எடுத்தது. அரளி. ஹூஸ்டன். மறுநாள் ஆபீஸில் டெக்லன் என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலை நியூட்ரல் சார் கியூபிக்கிள் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார். அவர் கண்ணும் தூங்கின கண்ணாக இல்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கறனுங்க. மல்லி வாசம் அடிச்சுதுங்களா?"

"லேசா... வந்துச்சு சார்."

"தெரிஞ்சேதான் எடுத்தீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன் தலையில் அடித்துக்கொண்டார். "தப்பு என்னுதுங்க. வாசமில்லாத பூவா வெச்சிருக்கோணும். அதுவுமில்லாம யோசிச்சுப் பாருங்க, அம்மா குடியிருக்கறது பேர்லேண்டு. அவுங்களும் ஹூஸ்டன் பக்கம்தானுங்களே!"

மறுபடியும் பூ. இந்தத் தடவை சிவப்பும் அரளி, வெள்ளையும் அரளி. ஆபீஸ் பிரேக் ரூமில் மைக்ரோவேவ் மேல் வைத்து, டாலஸ் பிரெண்டனை ஸ்பீக்கர் போனில் சாட்சியாக நிறுத்தி, என்னையே எடுக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். பிரித்தால் வெள்ளை.

டெக்லன் கப்பில் இருந்த காபியை சிங்க்கில் கொட்டிவிட்டு வெளியே போனான். அன்று நியூட்ரல் சாரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இவ்வளவு நியாயம் யாருக்கு வேண்டும் என்று மனசுக்குள் கத்தினேன்.

சாயங்காலம் அவரே வந்தார். "தீர்ப்பு சொன்னவன் நானுங்க. அவுங்கப்பாவை நானே கூட்டிட்டுப் போயிர்றேன். டீம் வேன்ல அவுங்க நிக்காம போவாங்க, பெரியவருக்கு ஆகாதுங்க. நீங்களும் கூட வந்து, பின்னால வண்டி வருதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஆட்டம் மதியம் இரண்டு மணிக்கு. பின் ஸீட்டில் பெரியவர், அவருக்கு இரண்டு தலையணை. முன்னால் நான், மடியில் கோமதி அக்கா கட்டிக் கொடுத்த புளியோதரை. ஊர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் feeder road தீர்ந்து போய், freeway ஏறும் பாதை வந்தது. நியூட்ரல் சார் வண்டியை ஓரம் கட்டினார்.

"தம்பி, வருதுங்களா?"

"ஒரு லாரி சார்."

"போகட்டுமுங்க."

"இப்ப காலி சார்!"

"அந்தா, தூரத்துல ஒண்ணு வருதுங்களே."

பதினோரு லாரிக்கு வழி விட்டோம். பன்னிரண்டாவதற்கு முன்னால் அவர் கண்ணை இறுக்கி மூடித் திறந்து, "அம்மா" என்று சத்தமாகச் சொல்லி ஏறினார். நானும் சொன்னேன். பெரியவரும் எதற்கும் இருக்கட்டும் என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

நாற்பத்தைந்து மைல் வேகம். ஹாரன் அடித்துக்கொண்டே எல்லோரும் தாண்டிப் போனார்கள். அரை மணிக்கொரு முறை சாரின் கடிகாரம் கத்தும், நிறுத்திப் பெரியவரை நடக்க வைப்போம். நடுவில் பெரியவர் தங்கள் ஊர்க் கதை சொன்னார். பெரிய ஆட்டமெல்லாம் தலைநகரத்து மைதானத்தில்தானாம். அதற்குப் பொது மைதானம் என்று பெயராம். ஆனால் தலைநகரத்து அணிக்கு அதுதான் சொந்த வீடு மாதிரியாம்.

நியூட்ரல் சார் அதிர்ச்சியில் முப்பத்தைந்துக்கு வந்துவிட்டார். "என்னங்க தம்பி இது அநியாயம்! இத்தனை வருசமா யாருமே கேக்கலீங்களா?" நான் இங்கிலீஷில் சொன்னதும் பெரியவர் முன்னால் சாய்ந்து அவர் தோளைத் தட்டினார். தன் கட்சிக்கு ஆள் கிடைக்க இத்தனை வருஷமும் ஒரு கடலும் ஆகியிருக்கிறது என்று சிரித்தார். அதற்கப்புறம் நியூட்ரல் சார் முகத்தில் வெளுப்பு குறைந்தது.

போய்ச் சேரும்போது இரண்டரை. எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்து இறங்கினேன். முப்பது பேரும் மைதானத்தில் சும்மா நின்றிருந்தார்கள். பெரியவர் வராமல் பந்தைத் தூக்கிப் போட மாட்டேன் என்று பிரெண்டன் நிறுத்தி வைத்திருந்தான். நிழலில் ஒரு நாற்காலியும் போட்டிருந்தான்.

நியூட்ரல் சார் நன்றி சொன்னார் என்றா நினைக்கிறீர்கள்? நேரே பிரெண்டனிடம் போய், இது ஹூஸ்டனுக்குக் காட்டிய சலுகை, விதியில் இடமில்லை, தன் மீதே புகார் எழுதித் தருவதாகச் சொன்னார். பிரெண்டன் அவரை அலாக்காகத் தூக்கி நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தான்.

கடைசி நிமிஷத்தில் ஹூஸ்டன் ஒரு பாயின்ட் பின்னால். கட்டுப் போட்ட முழங்காலோடு டெக்லன் ஓரத்திலிருந்து உதைத்த பந்து, காற்றில் தள்ளாடிப் போய் நடுக்கட்டைக்கு மேலே நுழைந்தது. டிரா. பெரியவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். டெக்லன் ஓடி வந்து அவர் முன்னால் மண்டி போட்டான். நான் அழுதுவிட்டேன், சொல்வதில் வெட்கமில்லை.

டிரா என்றால் மறு ஆட்டம் எதிர் ஊரில். அடுத்த ஞாயிறு ஹூஸ்டன், பெரியவருக்குப் பத்து நிமிஷ தூரம். இந்த விதியை எழுதியவர் எங்கே என்று தேடினேன். டாலஸ்காரர்கள் கூட்டத்துக்குள் ஒவ்வொருவராகப் பிடித்து, அடுத்த வாரம் ஹூஸ்டன் வர முடியாத வயதானவர்கள் உங்கள் வீட்டில் யாராவது உண்டா, நான் வந்து அழைத்துப் போகிறேன் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கோல்கீப்பரின் மாமியார் கை தூக்கினார். கோல்கீப்பர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் தெரியவில்லை.

மறு ஆட்டத்தில் ஜெயித்தது யார் என்று கேட்காதீர்கள். எழுதினால் நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாக நியூட்ரல் சார் வருத்தப்படுவார்.

அன்று டாலஸிலிருந்து திரும்பும் வழியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "வந்து ரெண்டு மாசமாச்சுங்களே தம்பி, இந்த ஊர் பயம் கொஞ்சமாச்சும் போச்சுங்களா?"

"உங்களுக்கு freeway பயம் போச்சா சார்?"

"இல்லீங்க."

"எனக்கும் போகல சார்."

"அப்ப சரிங்க, சமம்" என்று நாற்பத்தைந்திலேயே ஓட்டினார். அப்புறம் அந்த நாட்டில் எத்தனையோ ஊரில் வேலை பார்த்தேன், எங்கே போனாலும் எனக்கு அடுத்தவர் மைதானமாகவே இருந்தது. ஹாரன் சத்தத்துக்கு நடுவே, மடியில் புளியோதரையோடு நான் உட்கார்ந்திருந்த அவருடைய பக்கத்து ஸீட் மட்டும்தான் சொந்த ஊர் மாதிரி இருந்தது.