உங்கள் அண்ணன் வெட்டிவைத்துவிட்டுப் போன மடல்கள்

பச்சூகாவில் இருக்கும் கொழுந்தனார் எவரார்தோ தம்பிக்கு,

அண்ணி எதெல்வினா எழுதிக்கொண்டது. இங்கே நானும் கோழிகளும் சுகம், கழுதைக்கு மட்டும் கொஞ்சம் இருமல். நீங்களும் கிரிசெல்தாவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அது முடியாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். சரி, பச்சூகாவுக்கே வந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை லாரி கொண்டுவாருங்கள். பிள்ளை இல்லாத பொம்பளை தனியாக இருந்து என்ன செய்யப் போகிறாள் என்று நீங்கள் சொன்னது நியாயம். நம் கள்ளிப்பழத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டால், எடுக்கிறவர் கள்ளியெல்லாம் பிடுங்கிவிட்டு பார்லி விதைப்பார் என்றீர்கள், அதுவும் சரிதான். ஆனால் போன வாரம் நீங்கள் வந்தபோது, "அந்தக் கடைசி வரிசைய மொதல்ல பிடுங்கிப் போட்றலாம் அண்ணி" என்று சொன்னதும் நான் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன். வெங்காயம் நறுக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டீர்கள். அன்றைக்கு வீட்டில் வெங்காயமே இல்லை. அது என்ன வரிசை என்று உங்களுக்குத் தெரியாது, அதைச் சொல்லிவிட்டால் என் மனசு இறங்கும்.

மார்ச் மாதம் ஒருநாள் உங்கள் அண்ணன் பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறேன் என்று கழுதையை ஓட்டிக்கொண்டு போனார். நான் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பிவந்தபோது மரத்தடி நிழலில் முப்பத்தெட்டுக் கள்ளி மடல்கள் அடுக்கியிருந்தன, வெட்டுப்பட்ட பக்கம் காயட்டும் என்று. பல் அப்படியே வாயில் இருந்தது. "என்ன ரகம் இது?" என்றேன். "நட்டதுக்கப்புறம் சொல்றேன், போ, ரொட்டியச் சுடு" என்றார். மடல் வெட்டினால் காயம் ஆறுகிறவரை இரண்டு மூன்று வாரம் நிழலில் கிடக்கவேண்டும் இல்லையா, அந்த இரண்டு வாரத்துக்குள் வியாழக்கிழமை மதியம் சாப்பிட்ட கை கழுவுவதற்குள் அவர் போய்விட்டார். மடல் ஆறிவிட்டது, நான்தான் ஆறவில்லை.

அடக்கம் முடிந்து நடந்த ஒன்பது நாள் ஜெபத்துக்கு நீங்கள் முதல் நாள் மட்டும் இருந்துவிட்டு வேலை என்று போய்விட்டீர்கள், அதனால் மூன்றாம் நாள் நடந்தது தெரியாது. ஜெபத்துக்கு வந்தவர்கள் கண்ணில் அந்த அடுக்கு பட்டுவிட்டது. நம் ஊர் ஆட்களைத் தெரியுமே, பிணத்தைத் தாண்டினாலும் தாண்டுவார்கள், பேர் தெரியாத கள்ளியைத் தாண்டமாட்டார்கள். பக்கத்துத் தோட்டத்து பிலெமோன் அண்ணன் ஒரு மடலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "வெள்ளப் பழந்தான் தங்கச்சி இது. அகலத்தப் பாரு" என்றார். எதிர்வீட்டு தொமித்திலா, "வெள்ளையா? கண்ணு இருக்கா உங்களுக்கு? மடலோட ஒரு கண்ணுல எத்தன முள்ளுன்னு எண்ணுங்க. வெள்ளைக்கு ரெண்டு மூணு, இதுல அஞ்சு இருக்கு. இது அடைப்பன்! தின்னா மூணு நாளைக்கு வயிறு தாழ்ப்பாள் போட்டுக்கும்" என்றாள். "செனோபியோ அடைப்பன நடுற ஆளா? செத்தவனப் பத்தி வாய்க்கு வந்தபடி பேசாத!" "நீங்கதான் போன வருஷம் செவப்புன்னு சொல்லி மஞ்சள வித்தீங்க!" ஆளுக்கு ஒரு மடலாகக் கை மாறியது. தடவிப் பார்த்தார்கள், மோந்து பார்த்தார்கள். ஜெபம் சொல்ல வந்த எருந்தீனா அம்மாள், "ஜெபம் செத்தவருக்கா, கள்ளிக்கா?" என்று ஒரு மடலைப் பிடுங்கி நாற்காலியில் வைத்துவிட்டு, மறந்துபோய் அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

முள்ளாவது கண்ணுக்குத் தெரியும், மயிரிழை மாதிரி இருக்கிற சுணை தெரியாது. காய்ந்த மடலைத் தட்டியதில் அது காற்றில் பறந்து கழுத்திலும் கையிலும் காப்பியிலும் இனிப்பு ரொட்டியிலும் இறங்கிவிட்டது. அப்புறம் என்ன, சுணை ஏறினால் நாம் செய்வதுதான், கையைத் தலைமயிரில் தேய்த்து எடுப்பது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லிக்கொண்டே முப்பது பேரும் இரண்டு கையாலும் தலையைத் தேய்க்கிறார்கள். எருந்தீனா அம்மாளுக்குத் தலைமயிர் எட்டாத இடம், நின்றுகொண்டே ஜெபித்தாள், அழுதுகொண்டும் ஜெபித்தாள். அந்த நேரம் பார்த்து வெளியூர் பங்குச் சாமியார் ஒருவர் வாசல் வழியாகப் போனார். உள்ளே எட்டிப்பார்த்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். இப்படித் தலையைப் பிய்த்துக்கொண்டு துக்கம் காக்கும் ஊரைத் தான் கண்டதில்லை என்று ஒத்தும்பா ஊர்க் கோவிலில் பிரசங்கமே வைத்துவிட்டாராம். உங்கள் அண்ணன் இருந்திருந்தால் சிரித்தே செத்திருப்பார்.

ஜெபம் முடிந்த மறுநாள் அந்த மடல்களைத் தோட்டத்தின் கடைசி வரிசையாக நானே நட்டேன். முப்பத்தொரு வருஷம் அவர் நடுவார், நான் பழம் பறித்துத் தோல் சீவி விற்பேன். மூன்று வெட்டில் தோலை உரிப்பேன், நடுவதற்கு மட்டும் எனக்குக் கை வராது. எல்லா மடலும் வீட்டைப் பார்க்கட்டும் என்று முகத்தை வடக்கே திருப்பி நட்டேன். சாயங்காலம் ஆனால் வீட்டுக்குள் இருக்கப் பிடிக்கவில்லை, வாளியை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் ஊற்றினேன். மூன்று வாரம் ஊற்றினேன். பிலெமோன் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "தங்கச்சி, அது கள்ளி. வாத்து இல்ல" என்றார். "தாகம் எடுத்தாத்தான் அது வேரு விடும். நீ ஊட்டி ஊட்டி வச்சா அது எதுக்கு மண்ணுக்குள்ள எறங்கும்? மொகத்த வேற வடக்க திருப்பி வச்சிருக்க. காலையில ஒரு கன்னத்துல வெயிலு, சாயங்காலம் மறு கன்னத்துல வெயிலு, அப்படி நிக்கணும் அது." தோண்டிப் பார்த்தால் பதினொன்று அடியில் அழுகிக் கூழாகி நாறுகிறது. எனக்கு அன்றைக்கு வந்த அழுகை, தம்பி, அவரைக் குழிக்குள் இறக்கினபோதுகூட வரவில்லை. அவர் விட்டுப்போன ஒரே வேலையையும் நானே கொன்றுவிட்டேனே என்று. பிலெமோன் அண்ணன் வேலி தாண்டி வந்து அழுகினதை வெட்டி எறிந்து, நல்ல துண்டில் சாம்பல் பூசி மறுபடி நிழலில் காயவைத்தார். ஆறு போய்விட்டது, மிச்சம் பிழைத்தது. மே மாதம் சரியான முகம் பார்த்து மறுபடி நட்டோம். அதற்குப் பிறகு வாளியை அவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

ரகம் மட்டும் தெரியவில்லை. தெரியாமல் இருக்க முடியவில்லை. ஒரு மடலைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு செவ்வாய்ச் சந்தைக்குப் போய் ஒவ்வொரு கடையாகக் கேட்டேன். கள்ளிப்பழம் விற்கிறவர்கள் எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் ஓரமாகப் புளிக்கள்ளி விற்கிற ஒரு பொம்பளை பிரித்துப் பார்த்துவிட்டு, "இது எங்க வேலியில நிக்கிற புளிக்கள்ளிதான். சாம்பல் பூத்த பச்சை, சின்ன மடல், வெள்ளை முள்ளு. ஒரு ஆளு கழுதையோட வந்து கேட்டு வெட்டிக்கிட்டுப் போனாரு. பல் வலின்னு கன்னத்தப் பிடிச்சுக்கிட்டே வெட்டினாரு" என்றாள். அப்புறம், "பொண்டாட்டிக்கு மட்டும் சொல்லிறாதன்னாரு. நீங்க யாரு?" என்றாள். நான் ஒரு கூடை காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

உங்களுக்குத் தெரியும், எனக்குக் கறிக்குழம்பில் புளிக்கள்ளிக் காய் போடாவிட்டால் சோறு இறங்காது, கல்யாணம் ஆன நாள் முதலாக ஒரு செடி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர், "இனிப்புத் தோட்டத்துல புளிப்பா? ஊரு சிரிக்கும். நான் செத்தப்பறம் வச்சுக்க" என்பார். அப்படிச் சொன்ன மனுஷன்தான் எனக்குத் தெரியாமல் ஒன்றல்ல, முப்பத்தெட்டு வெட்டிவந்து, அதன்படியே செத்தும் போனார். சொன்ன சொல் மாறாதவர், என்ன செய்வது.

இவ்வளவுதான் கதை. இதற்காக நீங்கள் ஒன்றும் யோசிக்கவேண்டாம். நான் வருகிறேன் என்றால் வருகிறேன். பானை, அம்மிக்கல், மாதா படம், அவர் தொப்பி எல்லாம் கட்டிவைத்துவிட்டேன். கோழிகள் தொமித்திலாவுக்கு, கழுதை பிலெமோன் அண்ணனுக்கு. நாளைக் காலை அவரே வந்து அந்த வரிசையைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், என்னால் அதைப் பார்க்கமுடியாது. கிரிசெல்தாவுக்கு என் முத்தம். பிள்ளைகளைக் கடவுள் கையைப் பிடித்து நடத்தட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் மூட்டையோடு நிற்பேன்.

அன்புள்ள அண்ணி,
எதெல்வினா

பின்குறிப்பு: காலையில் எழுந்து உறையை ஒட்டுவதற்குள் பிலெமோன் அண்ணன் தோட்டத்திலிருந்து கூப்பிட்டார். போனேன். மண்வெட்டி ஒரு பக்கம் கிடக்கிறது, தொப்பி கையில் இருக்கிறது, மனுஷன் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். "தங்கச்சி, நேத்து மழைக்கு வந்திருக்கு பாரு" என்றார். மடல்களின் மேல் விளிம்பில் பூனைக்காது மாதிரி தளிர். இருபத்தொரு மடல் வரை எண்ணினேன், அதற்கு மேல் கண் மறைத்துவிட்டது. "இப்ப நான் என்ன பண்ணட்டும்?" என்றார். "மண்வெட்டிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்கண்ணே, கழுதையும் இங்கயே இருக்கட்டும்" என்றேன். ஆகையால் தம்பி, லாரி வேண்டாம். பார்லிக்காரரிடம் நீங்களே நல்லபடியாகச் சொல்லிவிடுங்கள். பழம் வர இன்னும் மூன்று வருஷம் ஆகுமாம், அப்போது வந்து கேளுங்கள், யோசித்துச் சொல்கிறேன். புளிக்கள்ளிப் பழம் மற்றது மாதிரி பழுத்ததும் விழுந்துவிடாது, வருஷம் முழுக்கச் செடியிலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் ஒன்றும் அவசரமில்லை.