மீனைக் காட்டு, எவெனோர்

கைப்பேசி அலறியபோது எவெனோரின் இரண்டு கைகளும் முழங்கை வரை மீன்தொட்டிக்குள் இருந்தன. உள்ளே ஓர் ஆரஞ்சு மொஹார்ரா மீன், வரிமீன் ஒன்றின் வாலைக் கவ்விக்கொண்டு, வலையில் சிக்காமல் சுற்றிச் சுற்றி வந்தது.

"மீனைக் காட்டு, எவெனோர்," என்றாள் அவன் மனைவி நுபியா, கோஸ்டா ரிக்காவிலிருந்து.

"உன் தங்கச்சி எப்படி இருக்கா? கொழந்தை நல்லா பால் குடிக்குதா?"

"எல்லாம் குடிக்குது. மீனைக் காட்டு."

அவன் கைப்பேசியைத் தொட்டியின் மறுமூலைக்குத் திருப்பினான். பாசிக்குப் பின்னால் மற்ற மூன்று வரிமீன்களும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின.

"எவ்ளோ ஒத்துமையா இருக்குதுங்க!" என்று பூரித்தாள் நுபியா. "நான் வர்றப்பவும் இதேபோல இருக்கணும். மீனுங்களுக்கு ஏதாவது ஆச்சு, நான் பெட்டியப் பிரிக்காமயே திரும்பப் போயிருவேன்."

சொன்னால் செய்பவள். எவெனோர் கைப்பேசியை அந்த மூலையைவிட்டு நகர்த்தவே இல்லை.

அவன் ஏரிக்கரை ஊரான கிரனாதாவின் படகுத்துறையில் எஞ்சின் பழுதுபார்ப்பவன். ஓர் இடத்தில் உட்கார்ந்தால் கால் அரிக்கும் ரகம். வேலை முடிந்த கையோடு நண்பன் ரெனேயின் கொல்லையில் தோமினோக் கட்டை ஆட்டம், ரம், வம்பு. தங்கையின் பேறுகாலத் துணைக்கு நுபியா கிளம்பும் முன்புதான் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, அவள் வாங்கிய இந்தத் தொட்டி வந்து இறங்கியது. மாலையானால் கூப்பிடுவாள். ஆனால் எந்நேரம் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் பொழுது சாயுமுன், ஒரு நாள் இவன் பூட்டும் சாவியுமாக வாசலில் நிற்கும்போது.

கட்டிப்போட்டாற்போல உட்கார்ந்து, நாலு வரிமீன்கள் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் போவதையே பார்த்துப் பார்த்து அவனுக்குப் பைத்தியம் பிடிக்கும்போல் இருந்தது. கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டுமே என்று ஏரியிலிருந்து ஒரு மொஹார்ராவைப் பிடித்துவந்து விட்டான். கலகலப்புக்கு அதற்குப் பிறகு குறைவே இல்லை.

ஜன்னலில் ரெனேயின் தலை முளைத்தது. "என்னடா, மீனுக்கு ஆயா வேலையா? அங்க ஆட்டத்துக்குக் கை ஒண்ணு கொறையுது!"

"இந்தப் பிசாசு அதுங்களைக் கொல்லுதுடா!"

"ரௌடிய அடக்க ரௌடிதான் வேணும். ஏரியிலேர்ந்து ஒரு கொழுத்த குவாபோத்தே மீனைக் கொண்டாந்து விடு. போலீஸ் மாதிரி நிக்கும்."

சரியான யோசனையாகத்தான் பட்டது. கறுப்புப் புள்ளிகளும் கோணல் பல்லுமாக ஒரு குவாபோத்தே வந்து சேர்ந்தது. போலீஸ் ரௌடியைத் தொடவே இல்லை. மறுநாள் விடிந்தபோது வரிமீன்கள் இரண்டுதான் இருந்தன. போலீஸின் வயிறு உப்பியிருந்தது.

எவெனோர், தொட்டியை விற்ற வண்ணமீன் கடை அர்நுல்ஃபோவிடம் ஓடினான்.

"இதுங்க எல்லாம் எடத்துக்காக அடிச்சுக்கிற சாதி," என்றார் அவர். "கல்லு, செடி எல்லாத்தையும் மொத்தமா எடம் மாத்திப்போடு. எது யாரு வீடுன்னு தெரியாம கொழம்பிப்போய் கொஞ்ச நாள் சும்மா கெடக்கும்."

கற்களை மாற்றினான். மொஹார்ரா குழம்பவில்லை, கோபப்பட்டது. வாயால் மணலை அள்ளி அள்ளித் துப்பிப் புது மனை தோண்டியது. தண்ணீர் காபி நிறத்துக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி.

"ஏன் இருட்டா இருக்கு?"

"கரண்டு இல்ல, நுபியா!"

"பின்னாடி டிவி ஓடுதே?"

"அது... பக்கத்து வீட்டு டிவி!"

"சரி, நாளைக்கு வெளிச்சத்துல காட்டு," என்றாள்.

போலீஸையும் ரௌடியையும் ஒரு வாளியில் போட்டு ஏரிக்கே திருப்பி அனுப்பினான். பிறகு எஞ்சினைக் கழற்றும் வேகத்தில் தொட்டியைக் கழற்றினான். மணலை ப்ளீச்சிங் பவுடரில் ஊறவைத்தான். வடிகட்டியின் பஞ்சைச் சோப்புப் போட்டுக் கும்மி வெள்ளை வெளேர் என்று ஆக்கினான். குழாய்த் தண்ணீரை நிரப்பி, மிச்சமிருந்த இரண்டு வரிமீன்களை உள்ளே விட்டான். தொட்டி பளிங்குபோல இருந்தது. மீன்கள் இரண்டும் மல்லாந்தன.

"பஞ்சையா தொவைச்சே?" அர்நுல்ஃபோ தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்தப் பஞ்சுலதானய்யா தண்ணியச் சுத்தம் பண்ற கிருமியே குடியிருக்கு! போ, எல்லாத்தையும் மொதல்லேர்ந்து ஆரம்பி. புது மணல் போட்டு, தண்ணி ஊத்தி, வெறுமனே ஓடவிடு. வாரக்கணக்குல ஆகும். அதுவரை ஒரு மீனு உள்ள போகக்கூடாது."

"சாயங்காலம் கூப்பிடுவாளே!"

"மணலைக் காட்டு."

அன்று மாலை எவெனோர் மரவள்ளிக் கிழங்கைச் சீவி நாலு மீன் செய்தான். கரித்துண்டால் வரி போட்டான். தூண்டில் நரம்பில் கட்டி, ஒரு கையால் தொட்டிக்குள் ஆட்டிக்கொண்டே மறுகையில் கைப்பேசியைப் பிடித்தான். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது.

"இன்னைக்கு நல்ல சுறுசுறுப்பா இருக்குதுங்களே!" என்றாள் நுபியா. "உன்ன நெனச்சா பெருமையா இருக்கு, எவெனோர்."

அந்த ஒரு வார்த்தை அவனைக் கொன்றது. கல்யாணமான இத்தனை காலத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அதுவும் கிழங்கைப் பார்த்து! தினமும் கிழங்கு செதுக்கினான். தண்ணீரைச் சோதித்தான். ரெனே ஜன்னலில் தலையைக் காட்டினால், "போடா, வேலையிருக்கு," என்று விரட்டினான்.

நுபியா நாளை வருகிறாள் என்ற நிலையில், தண்ணீரும் ஒருவழியாகத் தேறிவிட, அவன் மீன்கடைக்குள் புயலாக நுழைந்தான்.

"அதே மாதிரி நாலு வரிமீன் வேணும்! அச்சு அசல் அதே முகம். ஒவ்வொண்ணா பாத்துப் பொறுக்கியிருப்பா, ஒண்ணு மாறினாலும் கண்டுபிடிச்சிருவா. அவ எதெது எடுத்தான்னு ஞாபகம் இருக்கா?"

"நான் அன்னைக்கு ஊர்லயே இல்லையே," என்றார் அர்நுல்ஃபோ. "மெல்பாதான் வித்தா."

கல்லாவில் மீன்தீனியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி மெல்பா நிமிர்ந்தாள்.

"உங்க வீட்டம்மா மீனைத் திரும்பிக்கூடப் பாக்கலையே. 'என் வீட்டுக்காரர் தனி ஆளாத் தூக்கிட்டுத் தோமினோ ஆடப் போகமுடியாத தொட்டி எது?'ன்னு மட்டும்தான் கேட்டாங்க."