இரண்டு போனஸ் வாங்கிய காசிநாதன்

உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். தப்பே பண்ணாதவர். அவர் தடுக்கி விழுந்தால் தரை மேடு. பஸ்ஸைத் தவறவிட்டால் டிரைவர் அவசரக்காரன். வெள்ளைச் சட்டையில் குழம்பு கொட்டினால் சட்டை எதற்கு அத்தனை வெள்ளையாக இருந்தது? இந்த இனம் எல்லா மண்ணிலும் விளையும். கள்ளக்குறிச்சியில் கொஞ்சம் அமோகமாகவே விளையும்.

காசிநாதன் அந்த விளைச்சலில் முதல் தரம். கச்சிராயபாளையம் சாலையில் ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு மேனேஜர். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் மரவள்ளிக் கிழங்கை இவர் வாங்கிப் போட்டு அழுகவிட்டால், கிழங்குதான் மன்னிப்புக் கேட்க வேண்டும். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருஷம் அது. ஆலையில் வரி பிடிக்கிற அளவுக்குச் சம்பளம் வாங்கியவர்கள் இரண்டே பேர்: இவரும், எடைமேடை கிளார்க் பொன்னுரங்கமும். இருவருடைய சம்பள வரிப் படிவத்தையும் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார் காசிநாதன். இரண்டிலும் போனஸை இரண்டு தரம் கூட்டிவிட்டார்.

பொன்னுரங்கம் தன் படிவத்தை வாங்கிக் கூட்டிப் பார்த்தார். மகள் மலர்விழிக்குக் காலேஜில் உதவித்தொகை கிடைக்க வேண்டுமானால் அப்பாவின் வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும்; அதற்கு அத்தாட்சி இந்தப் படிவம்தான். வாங்காத அந்த இரண்டாவது போனஸ் அவரை வரம்புக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்துவிட்டது. உதவித்தொகை இல்லையென்றால் படிப்பும் இல்லை.

"சார், போனஸ் ரெண்டு வாட்டி ஏறிடுச்சுங்க."

"யாருய்யா சொன்னது?"

"கூட்டிப் பாத்தேங்க."

"நீ இன்னாத்துக்குக் கூட்டுற? கூட்டுறதுக்குத்தான் நான் இருக்கன்ல?"

மறுநாள் கேட்டதற்கு, கால்குலேட்டரில் பேட்டரி கம்மி என்றார். பிறகு போராட்டக்காரர்கள் ஊர்ச் சாலையெல்லாம் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள்; பஸ் நின்றது. காசிநாதனுக்கு எத்தனை நிம்மதி!

"ஊரே அல்லோலப்பட்டுக்கினு கெடக்குது, நீ போனஸ் போனஸ்னு வந்துக்கினு இருக்க. இந்த ரகளையில எந்த மனுசனுக்குய்யா கணக்கு ஓடும்?"

படிவம் எழுதியது சித்திரையில். மரம் சாய்ந்தது புரட்டாசியில். அதனாலென்ன? அவ்வளவு முன்கூட்டியே குழம்பிவிட்டார் மனிதர்.

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கியது. பொன்னுரங்கம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மேனேஜரை வாய்க்கு வந்தபடி ஏசித் தீர்த்தார். அவர் மூச்சு வாங்கும்வரை மனைவி சாலம்மாள் காத்திருந்தாள்.

"ஏங்க, உங்க ரோஷம் பெருசா, புள்ள படிப்பு பெருசா? தப்பு நம்மளுதுன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க."

எழுதினார். தன் கவனக்குறைவால் போனஸ் இருமுறை பதிவாகிவிட்டதாகவும், மேனேஜர் பெருந்தன்மையுடன் மன்னித்துத் திருத்தித் தர வேண்டும் என்றும் எழுதினார். மலர்விழி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காசிநாதன் கடிதத்தை இரண்டு தரம் ரசித்துப் படித்தார். அன்று மாலையே புதுப் படிவம் கிடைத்தது. கூடவே இலவசமாக ஓர் உபதேசம்: "இனிமேலாவது பாத்து நடந்துக்கய்யா." பொன்னுரங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். மலர்விழிக்கு உதவித்தொகை வந்தது.

சரி, காசிநாதனின் சொந்தப் படிவம்? அதிலும் இரண்டு போனஸ்தானே? திருத்துவதென்றால் ஊழியர் காசிநாதன், மேனேஜர் காசிநாதனுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். அது நடக்கிற காரியமா? வாங்காத போனஸுக்கு வாய் திறக்காமல் வரியைக் கட்டினார்.

அவர் மனைவி பச்சையம்மாள் எதேச்சையாக அந்தப் படிவத்தைப் பார்த்தாள்.

"வூட்டுக்கு ஒரு போனசுதான வந்துது? இன்னொண்ண எவளுக்குக் குடுத்தீங்க?"

தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்வாரா? கழுத்தை நிமிர்த்திக்கொண்டு ஆலைக்குக் கிளம்பிவிட்டார். பச்சையம்மாள் தீபாவளி வரைக்கும் அவரோடு பேசவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். "தப்பு என்மேலதான்" என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது என்று மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வரவில்லையா? அதற்கும் நான்தான் காரணம் என்பீர்கள், திடுதிப்பென்று கேட்டுவிட்டேனாம்.