ஒரு பக்கச் சிரிப்பு குறித்த விளக்கம்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
12.9.1996

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. அய்யாக்கண்ணு அவர்களுக்கு,

வழக்கறிஞர் கதிர்காமநாதன் வணக்கத்துடன் எழுதுவது. மாறான தகவல் ஏதும் கிடைக்காத நிலையில், தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலம் என்றே அனுமானிக்கிறேன்.

நிபோங் திபாலில் தங்கள் இல்லத்தில் திருமணப் பேச்சு நடந்தபோது, "மாப்பிள்ளைய நம்ம லாரியிலயே பூச்சோடனை பண்ணி, மேளத்தோட கொண்டாந்து எறக்கிடுவோம், வக்கீலய்யா" என்று தாங்கள் கூறியதாகவும், அப்போது என் வாயின் வலது ஓரம் மட்டும் மேலேறியதாகவும், "வக்கீலு நம்மள நக்கலா பாக்குறாரு, நிச்சயதார்த்தம் அப்புறம் பாத்துக்கலாம்லா" என்று பின்னர் தாங்கள் தொலைபேசியில் சொன்னதாகவும் என் மனைவி கனகேஸ்வரி மூலம் அறிந்தேன். அன்று முதல் என் மகள் அருந்ததி என்னோடு பேசுவதில்லை.

இது தொடர்பாக ஒரு மருத்துவ உண்மையைத் தங்கள் முன் வைக்கிறேன். என் முகத்தின் இடப்பக்கம் திடீரென்று செயலிழந்தது. வாய் கொப்பளித்தால் தண்ணீர் தன் விருப்பப்படி வெளியேறுகிறது. காப்பி சட்டைக்குப் போகிறது. இடது கண் மூடாததால் வலது கண் இமைப்பது கண்ணடிப்பதாகத் தெரிகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் ராமதாஸ், நான் சாடை காட்டுவதாக எண்ணி, ஆண்டுக்கணக்கில் இழுத்த வேலித் தகராறைச் சமரசமாக முடித்துக்கொண்டார். டாக்டர் ருக்கையா பரிசோதித்து, இது பக்கவாதமல்ல, முக நரம்பு வீங்கியிருக்கிறது என்று கூறி, வீக்கத்துக்கு ஒரு மாத்திரையும் வைரசுக்கு ஒரு மாத்திரையும் எழுதினார். வைரஸ்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் கேட்டேன்.

"சந்தேகந்தான் சார். நிச்சயமா சொல்ல முடியாது."

"அப்படியானால் சந்தேகத்தின் பலனைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அளிப்பதுதானே முறை?"

"ஐயோ, இது கோர்ட்டு இல்லலா! நீங்க தீர்ப்பு எழுதி முடிக்கிறதுக்குள்ள நரம்பு போயிடும். முழுங்குங்க!"

குற்றம் நிரூபிக்கப்படாத ஒரு வைரசின் மீது தினமும் ஐந்து வேளை நடவடிக்கை எடுப்பது என் தொழில் மரபுக்கு முரண், எனினும் எடுத்தேன். நேற்றுக் காலை, சம்பந்தி, இடது புருவம் அசைந்தது! கண்ணாடி முன்னால நின்னு கத்திட்டேன். அருந்ததி ஓடி வந்து, கோபத்தை மறந்து, "அப்பா, இன்னொரு தரம் தூக்குங்க!"ன்னு கைதட்டினாள். தூக்கினேன். அவள் சிரித்தாள். பிறகு கோபம் நினைவு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகவே, தங்கள் இல்லத்துக்கு நான் வந்ததும் என் முகம் கோணியதும் ஒரே வாரத்தில் நிகழ்ந்தவை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அதற்கு மேல் கூறுவது முறையன்று. அன்புகூர்ந்து நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கவும்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். இடது கன்னம் இன்னும் முழுமையாக ஒத்துழைக்காவிட்டாலும், முழு மனதுடன்.

தங்கள்,
கதிர்காமநாதன்

பி.கு.: அண்ணே, கனகேஸ்வரி எழுதுறேன். கவரை ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்தார், படிச்சிட்டேன். வாரம் ஒண்ணுதான், நாள் வேற. உங்க வீட்டுக்கு வந்தது ஞாயிறு. முகம் கோணினது செவ்வாய். அன்னைக்கு நீங்க பார்த்தது இவரோட நல்ல முகம்! முழுசா சிரிச்சாலே இவருக்கு அவ்வளவுதான் வரும். எங்க கல்யாணப் படத்துலயும் அதே வலது ஓரந்தான். அதைப் பார்த்து எங்க அப்பாவும் கோவிச்சுக்கிட்டார். அன்னைக்கு உங்க வீட்டுலேருந்து திரும்புறப்ப, பினாங்குப் பாலம் தாண்டுற வரைக்கும் இவர், "லாரியில ஏற ஏணி வைப்பாங்களா, மாப்பிள்ளை பக்கத்துல எனக்கும் எடம் குடுப்பாங்களா"ன்னு கேட்டுக்கிட்டே வந்தார். லாரியக் கண்டிப்பா கொண்டாங்க, அண்ணே. ஏணியோட.