எட்டு ஓலை, ஒரு படம்

திருச்சியில் வெள்ளிக்கிழமைதோறும் புதுப்படம் வரும். அதன் தலையெழுத்து வியாழக்கிழமையே வந்துவிடும். தலையெழுத்தை எழுதித் தரும் அலுவலகம் ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைக்குப் போகிற சாலையில், ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. பிரம்மா அங்கே மாத வாடகைக்குக் குடியிருந்தார். அவருக்கு ஊரார் வைத்த பெயர் வசூல் சித்தர்.

ஒரு படம் ஓடுமா ஓடாதா என்பது எடுத்தவனுக்கே தெரியாது. நடித்தவனுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பாதிப் பேர் வேறு தொழிலுக்குப் போயிருப்பார்கள். சித்தருக்கு மட்டும் தெரியும். அதுவும் படத்தைப் பார்க்காமலே தெரியும். பார்த்தால் யாருக்குத்தான் தெரியாது?

முதல் வாரம் டயர் கடை வாசலில் வரிசை நின்றது. படத்தை வாங்கி விற்கிறவர்கள் வந்தார்கள். தியேட்டர் கேன்டீனையும் சைக்கிள் ஸ்டாண்டையும் குத்தகைக்கு எடுத்தவர்கள் வந்தார்கள். துபாய் காசை எதில் போடலாம் என்று தவித்தவர்கள் வந்தார்கள். தில்லைநகரிலிருந்து ஒரு டாக்டர்கூட வந்தார். நோயாளிக்கு மூன்று பரிசோதனை எழுதாமல் ஒரு மாத்திரை தராத மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு பேர்.

சித்தரின் பூர்வாசிரமப் பெயர் மருதை. சத்திரம் பேருந்து நிலையத்தருகே திருட்டு டிவிடி விற்றவர். வெள்ளிக்கிழமை வந்த படத்தைச் சனிக்கிழமையே வீட்டுக்குள் கொண்டுவந்து கொடுத்த புண்ணியவான். ஓடிடி வந்தது. மக்கள் போனிலேயே படம் பார்க்கத் தொடங்கினார்கள். டிவிடி படுத்தது. மருதை எழுந்தார், தாடியோடு.

அவருடைய முறை எளிமையானது. நூற்றொரு ரூபாய் கொடுத்தால் ஓலை வடிவத்தில் வெட்டிய ஓர் அட்டை, காவி நூலால் கட்டி, அரக்கு வைத்துக் கையில் கிடைக்கும். உள்ளே ‘ஓடும்’ அல்லது ‘ஓடாது’ என்று ஒரே சொல். படம் வந்த பிறகு, திங்கட்கிழமை மதியம்தான் பிரிக்க வேண்டும். யாரிடமும் காட்டக் கூடாது. மனைவியிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் வாக்கு பொய்த்துவிடும்.

ஒரு படம் ஓடியதா என்பதை எப்படி முடிவு செய்வது? கம்பெனிக்காரன் மூன்றே நாளில் நூறு கோடி என்று போஸ்டர் ஒட்டுகிறான். காலி தியேட்டர் வாசலில் நின்றுகொண்டே வெற்றி விழாவுக்குக் கேக் வெட்டுகிறான். இதற்கும் சித்தர் ஓர் உரைகல் வைத்திருந்தார். அதைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். திருவெறும்பூர் புஷ்பவனம் டாக்கீஸில் திங்கட்கிழமை மதியக் காட்சி நடந்தால் படம் ஓடியது. பத்து டிக்கெட்கூட விற்காமல் காட்சி ரத்தானால் ஓடவில்லை. சனி, ஞாயிறு ரசிகன் எதையும் பார்ப்பான். திங்கட்கிழமை மதியம் வருகிறவர்கள் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள். கூட வேலை செய்கிறவன் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொன்னால்தான் தூக்கத்தை விட்டு வருவார்கள்.

ஓலை தவறினால்? சித்தர் ஒருபோதும் தவற மாட்டார். வாங்கியவர்தான் தவறியிருப்பார். கவுச்சி தின்றிருப்பார், அல்லது வீட்டுப் பெண்களிடம் தோஷம் இருக்கும். அப்படிப்பட்டவர் மறுபடி படியேறக் கூடாது. சண்டை பிடிக்கிறவர்களுக்கு மட்டும் தனி மருந்து. “நான் சொன்னது வீட்டுத் திரையைப் பத்திப்பா. தியேட்டர்ல ஓடாது, ஓடிடியில ஓடும். பொறுத்துப் பாரு!” ஓடிடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது கடவுளுக்கே தெரியாத கணக்கு. கம்பெனிக்காரன் அவருக்கும் சொல்வதில்லை.

ஐந்து படங்கள் வந்து போயின. ஐந்து முறையும் ஓலை பலித்தவர்கள் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேர் போட்ட கூச்சல் உறையூர் வரை கேட்டது. மற்றவர்கள் சத்தமே போடவில்லை. தன் வீட்டில் தோஷம் என்று எவன் தமுக்கு அடிப்பான்?

எட்டுப் பேரில் ஒருவர் ஆனந்தவள்ளி. புஷ்பவனம் டாக்கீஸின் முதலாளியம்மா. கணவர் போன பின் பதினான்கு ஆண்டுகளாகத் தனியாகத் தியேட்டரை நடத்துகிறவர். சித்தர் தம் தியேட்டரையே உரைகல்லாக வைத்ததில் அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. பத்து நாளில் வரப்போகும் ஒரு பெரிய படத்துக்குச் சித்தர் அந்த எட்டுப் பேருக்கும் பொன்னோலை தருவதாக அறிவித்தார். பெற்றதும் வீட்டுக்குப் போய்ப் பூஜையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிரிக்கலாம். காணிக்கை ஒரு லட்சத்து ஒரு ரூபாய். ‘ஓடும்’ என்று வந்தால் தியேட்டர் பத்திரத்தை அடகு வைத்து, அந்தப் படத்தின் திருச்சி, தஞ்சை உரிமையை வாங்குவது என்று ஆனந்தவள்ளி முடிவு செய்துவிட்டார். வியாழக்கிழமை காலை ஓலை, மாலை கையெழுத்து. படம் படுத்தால் தியேட்டர் போய்விடும். அதோடு பதினொரு பேரின் பிழைப்பும் போய்விடும்.

அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி ஷஹனாஸ். டிக்கெட் கவுன்டரில் பதினாறு வருடம் உட்கார்ந்தவள். அவளுக்கு உலகமே அந்தக் கை நுழையும் ஓட்டை வழியாகத்தான் தெரியும். ஆனால் நன்றாகத் தெரியும்.

ஐந்தாவது படத்தின் திங்கட்கிழமை. விற்றது ஆறு டிக்கெட். ‘காட்சி ரத்து’ பலகையை மாட்டினாள். கவுன்டர் முன்னால் டிக்கெட் வாங்காமல் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இருவர் கையிலும் காவி நூல் கட்டிய ஓலை. பலகையைப் பார்த்ததும் பிரித்தார்கள். ஒருவர் ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினார். இன்னொருவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க ஆச்சு? தண்ணி வேணுமா?”

அவர் பெயர் பீமராவ். பாலக்கரையில் இரும்புச் சாமான் கடை. “நாலு ஓலை பலிச்சுதும்மா. இது தப்பிப் போச்சு. சாமி தப்பா சொல்ல மாட்டாரு. வீட்டுலதான் ஏதோ தோஷம்...” என்றார்.

ஷஹனாஸ் பலகையைப் பார்த்தாள். ஒரே படம், ஒரே பலகை. ஒருவருக்குச் சிரிப்பு, ஒருவருக்கு அழுகை. அன்று மாலை தியேட்டர் போனை எடுத்தாள். ஐந்து திங்கட்கிழமையும் மதியம் கூப்பிட்டு, “ஷோ உண்டா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தவர்களின் எண்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள்.

மறுநாள் முதலாளியம்மாவிடம் போனாள்.

“அக்கா, ஒரே படத்துக்கு அந்தச் சாமி ஒருத்தருக்கு ஓடும்னும் இன்னொருத்தருக்கு ஓடாதுன்னும் எழுதிக் கொடுத்திருக்காரு.”

“தப்பினவங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு வராதே. அவங்க என்ன பாவம் பண்ணாங்களோ!”

“பாவம் பண்ணா ஓலையில இருக்கற எழுத்து மாறிடுமாக்கா?”

“எனக்கு அஞ்சும் பலிச்சிருக்கும்மா! அஞ்சும்!”

இதற்குப் பதில் சொல்லிப் பயனில்லை என்று ஷஹனாஸுக்குத் தெரியும். பலித்தவரிடம் வாதாடுவதும் முதல் நாள் ரசிகனிடம் கதை சரியில்லை என்பதும் ஒன்றுதான். “சரிக்கா. வியாழக்கிழமை நானும் கூட வரேன்” என்றாள்.

வியாழக்கிழமை. சாம்பிராணிப் புகையில் டயர் நாற்றம் கொஞ்சம் அடங்கியிருந்தது. எட்டுப் பேர் அரைவட்டமாக உட்கார்ந்தார்கள். ஆனந்தவள்ளிக்குப் பக்கத்தில் தில்லைநகர் டாக்டர். ஆனந்தவள்ளியின் மடியில் பத்திரப் பை. சித்தர் கண்ணை மூடித் திறந்து, மஞ்சள் அட்டையில் வெட்டிய எட்டு ஓலைகளைத் தம் கையாலேயே கொடுத்தார். இந்த மஞ்சள் அட்டை கல்யாணப் பத்திரிகைக் கடையில் நூறு அட்டை முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும்.

ஷஹனாஸ் எழுந்தாள். “சாமி, ஒரு சந்தேகம். இந்த எட்டுலயும் ஒரே வாக்குதானே?”

சித்தர் சிரித்தார். “வாக்கு ஒண்ணுதாம்மா. வாங்குற கைதான் எட்டு.”

ஆகா, ஆகா என்று டாக்டர் தலையாட்டினார்.

“ஒண்ணுதான்னு சாமியே சொல்லிட்டாரு. அப்ப எல்லாரும் கையில இருக்கறதைப் பக்கத்துல இருக்கறவங்களோட மாத்திக்கங்க. பிரிக்க வேணாம், காட்ட வேணாம். சும்மா மாத்திக்கங்க.”

“தொடாதே!” என்று சித்தர் கத்தினார்.

இத்தனை நாளும் சித்தர் அசரீரிக் குரலில்தான் பேசுவார். இது சத்திரம் பேருந்து நிலையத்தில், போலீஸ் வருகிறது என்று கூவிய குரல்.

“ஏன் சாமி? எட்டும் ஒண்ணுன்னா மாத்தினா என்ன கெட்டுப் போவுது?”

“அவங்கவங்க கர்மா...”

“எங்க தியேட்டர்ல ஹவுஸ்ஃபுல்னா ஒரே போர்டுதான் வைப்போம். வர்ற ஆளுக்கு ஒரு போர்டு வைக்கறதில்ல. ஒரே படத்துக்கு உங்களுக்கு மட்டும் ஏன் எட்டு ஓலை?”

ஆனந்தவள்ளி சித்தரைப் பார்த்தார். அவர் நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. பதினான்கு வருடம் வியாபாரம் செய்த பெண்மணிக்கு வேர்வையைப் படிக்கத் தெரியும். தம் ஓலையை டாக்டர் மடியில் வைத்தார். டாக்டரின் ஓலையைப் பிடுங்கி, அரக்கை நகத்தால் பெயர்த்தார்.

‘ஓடாது.’

டாக்டர் அம்மாளின் ஓலையைப் பிரித்தார். ‘ஓடும்.’

பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. எட்டு அரக்கும் உடைந்தன. நான்கு ஓடும். நான்கு ஓடாது.

இந்த இடத்தில் வேறு ஆளாக இருந்தால் ஓடியிருப்பார். சித்தர் கையை உயர்த்தினார். “குழந்தைகளா! தியேட்டர்ல ஓடும், வீட்டுத் திரையில ஓடாது. ரெண்டும் உண்மை!” உடனே இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர்களை என்ன சொல்ல? ஏமாறுவதற்கு லட்சத்து ஒரு ரூபாய் கட்டியவர்கள், கட்டிய காசுக்கு முழுசாக ஏமாறாமல் எழுந்திருப்பார்களா?

ஷஹனாஸ் படிக்கட்டுப் பக்கம் திரும்பி, “மேல வாங்க!” என்றாள்.

இருபத்து மூன்று பேர் ஏறி வந்தார்கள். முதல் படத்தில் தவறியவர்கள், மூன்றாவதில் தவறியவர்கள், ஐந்தாவதில் தவறிய பீமராவ். அதுவரை தான் ஒருத்தனே பாவி என்று நினைத்துக்கொண்டு தெருவில் தலை குனிந்து போனவர்கள். “உங்களுக்குமா?” “உங்களுக்குமா?” என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கணக்கு இவ்வளவுதாங்க” என்றாள் ஷஹனாஸ். “எட்டை அஞ்சு தடவை ரெட்டிப்பாக்கிப் பாருங்க, முதல் வாரம் இருநூத்தி அம்பத்தாறு பேரு. பாதிப் பேருக்கு ஓடும், பாதிப் பேருக்கு ஓடாது. படம் எப்படிப் போனாலும் நூத்தி இருபத்தெட்டுப் பேருக்குப் பலிச்சிரும். அடுத்த வாரம் அதுல பாதி அறுபத்தி நாலு. அப்புறம் முப்பத்திரண்டு, பதினாறு, எட்டு. அந்த எட்டுதான் இங்க உக்காந்திருக்கீங்க. உங்களுக்கு அஞ்சு தடவையும் பலிக்க சாமி ஒண்ணுமே பண்ணல. தப்பினவங்க வாயை மூடினாரு, அவ்வளவுதான்.”

பீமராவ் சித்தரின் முன்னால் போய் நின்றார். அடிப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் அடிக்கவில்லை.

“நீ சொன்னதைக் கேட்டு எம் பொண்டாட்டிய சந்தேகப்பட்டேன்யா. மூணு நாளா வையம்பட்டியில அவங்க அம்மா வீட்டுல அழுதுக்கிட்டு இருக்கா” என்றார். சொல்லும்போதே அவரும் அழுதார்.

இதற்கு வீட்டுத் திரை, வெளித் திரை என்று எந்த வியாக்கியானமும் சித்தரிடம் இல்லை. பின்கட்டுப் படி வழியாக இறங்கினார். கீழே டயர் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். அவருக்கு மூன்று மாத வாடகை பாக்கியாம். அதன் பிறகுதான் போலீஸ் வந்தது.

ஆனந்தவள்ளி பத்திரப் பையை ஷஹனாஸிடம் கொடுத்தார். “பீரோவுல வச்சுப் பூட்டிடு” என்றார். பஸ் காவிரிப் பாலம் தாண்டும்போது, “நல்லவேளை கூட வந்தே” என்றார்.

எட்டு நாள் கழித்துப் பெரிய படம் வந்தது. வெள்ளிக்கிழமை வெடி, பால் அபிஷேகம். சனிக்கிழமை நூற்றைம்பது கோடி போஸ்டர். திங்கட்கிழமை மதியம் ஏழு டிக்கெட். ஷஹனாஸ் பலகையை மாட்டினாள்.

கவுன்டர் ஓட்டையில் ஒரு முகம் குனிந்தது. தில்லைநகர் டாக்டர். கையில் ஒரு டிக்கெட், சட்டைப் பையில் மஞ்சள் அட்டை.

“ஷோ ரத்தாம்மா?”

“ஆமாங்க சார்.”

அவர் முகம் மலர்ந்தது. குரலைத் தாழ்த்தினார். “அப்ப... எனக்கு முதல்ல வந்த ‘ஓடாது’ ஓலை சரியாத்தானேம்மா இருக்கு? ஆறும் பலிச்சிடுச்சு பாத்தியா! சாமி ஜாமீன்ல வந்துட்டாராமே, இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமா?”

ஷஹனாஸ் அவர் பையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். “சார், உங்ககிட்ட வர்ற கர்ப்பிணிங்கள்ல பாதிப் பேருகிட்ட ஆணுன்னும் பாதிப் பேருகிட்ட பொண்ணுன்னும் நான் சொன்னா, பாதிப் பேரு எனக்கும் மாலை போடுவாங்க. போடலாமா?”

அவள் டிக்கெட்டை வாங்கிக் கிழித்து, பணத்தை எண்ணி ஓட்டை வழியாகத் தள்ளினாள்.

“இங்க ஷோ நடக்கலன்னா காசு திரும்பிடும் சார். யோசிக்காம கொடுத்த காசைத் திருப்பித் தர எந்த ஊர்லயும் கவுன்டர் கிடையாது. அதனால யோசனையை முதல்ல பண்ணுங்க, கும்பிடறதை அப்புறம் பாத்துக்கலாம்.”