தள்ளுவண்டி இன்னும் அமையவில்லை, சம்பந்தி

புந்தோங், ஈப்போ
ஞாயிறு காலை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி மகேந்திரன் அவர்களுக்கு,

சன்னாசி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மங்களமும் உங்கள் மருமகள் ஷாமினியும் நலம். பேத்தி தக்ஷாயினி நலத்துக்கும் ஒரு படி மேலே. இப்போதெல்லாம் குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, வீட்டை ஒரு தடவை மேற்பார்வை பார்த்துவிட்டுத்தான் பால் குடிக்கிறாள். அங்கே ஹுத்தான் மெலிந்தாங்கில் நீங்கள் இரத்த அழுத்தம் ஏறாமலும், இறால் விலை இறங்காமலும், சம்பந்தி அம்மா குமுதா முழங்கால் வலி இல்லாமலும் இருக்க எங்கள் தெருமுனை மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். வழக்கம்போல நேற்று வந்த மாப்பிள்ளை பவித்ரன், ஷாமினி, மங்களம், குழந்தை எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். வீடு அமைதியாக இருக்கிறது. எனக்கு இந்த அமைதி பிடிக்கவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

கையில் போன் இருக்க, இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று நீங்கள் நினைக்கலாம். போனில் நீங்கள் "பிள்ளைய எப்ப கொண்டாறீங்க?" என்று கேட்டவுடன், "லைன் சரியில்லைங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். லைன் ஒவ்வொரு தடவையும் நன்றாகத்தான் இருந்தது. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது. போய்ச் சேரவும் சில நாள் ஆகும். அதுவும் எனக்கு வசதிதான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில், மூன்று மாதம் முடிந்ததும் தொட்டிலோடு பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு என்று வளைகாப்பு அன்று சபையில் பேசினோம். அப்போது நீங்கள் எழுந்து, "தொட்டில் கிட்டில்லாம் வேணாம்லா சம்பந்தி. ஒரு ஸ்ட்ரோலர் வாங்கிக் கொடுங்க, போதும். பிள்ளைய ஆத்தோரமா காத்தாட தள்ளிட்டுப் போலாம்" என்றீர்கள். பேத்திக்குச் சங்கிலி கேட்ட சம்பந்தியையும் கார் கேட்ட சம்பந்தியையும் இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். தள்ளுவண்டி கேட்ட சம்பந்தியை உங்களைத் தவிர வேறு எங்கும் பார்க்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே மங்களத்திடம், "மனுசன்னா இவர்தான்" என்றேன். இப்படிப்பட்ட மனிதர் வாய்விட்டுக் கேட்ட ஒரே சீர் அது. அது இல்லாமல் பிள்ளையை அனுப்பினால் என் மரியாதை என்ன ஆவது? ஆகவே தள்ளுவண்டி அமைந்தால்தான் பிள்ளை கிளம்ப முடியும். பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது, வண்டி இன்னும் அமையவில்லை. இதில் என் குற்றம் எதுவும் இல்லை என்று விளக்கத்தான் இவ்வளவும்.

ஈப்போவுக்கும் லூமுட்டுக்கும் நடுவே பஸ் ஓட்டியே தலை நரைத்தவன் நான். அடியில் படுத்துப் பார்க்காமல் எந்த வண்டியையும் எடுத்ததில்லை. முதலில் ஈப்போவிலேயே ஒரு பெரிய கடைக்குப் போனோம். சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொரு வண்டியும் மந்திரி ஏறலாம் போல இருந்தது. குடை, கொசுவலை, பால் புட்டி வைக்க ஓர் இடம், தள்ளுகிறவன் கோப்பி வைக்க ஓர் இடம். நான் பஸ் ஓட்டிய காலமெல்லாம் கோப்பி ஊற்றிய பிளாஸ்டிக் பொட்டலத்தைக் கியர் கம்பியில் கட்டித் தொங்கவிட்டவன்! கண் கலங்கிவிட்டது. பிறகு அச்சாணி எப்படி இருக்கிறது என்று பார்க்க வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். கடைப்பெண் நான் மயங்கி விழுந்துவிட்டதாக நினைத்துத் தண்ணீர் கொண்டு ஓடிவந்தாள். "அப்பா, எந்திரிங்கலா. பஸ் இல்ல இது. எல்லாரும் பாக்குறாங்க" என்று ஷாமினி என் காலைப் பிடித்து இழுத்தாள். எழுந்ததும் அந்தப் பெண் ஒரு பொத்தானை அமுக்கினாள். அவ்வளவு பெரிய வண்டி கைக்குட்டை மாதிரி மடிந்து அவள் கையில் தொங்கியது. அதைக் கண்டுபிடித்தவனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படி ஒரு மூளை. ஆனால் யோசித்துப் பாருங்கள். இவ்வளவு சுலபமாக மடிகிற வண்டி, பிள்ளை உள்ளே இருக்கும்போது மடியாது என்று யார் உத்தரவாதம் தருவது? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த சிக்கல் மங்களத்தால் வந்தது. "பூசை போடாத வண்டில பிள்ளைய ஏத்துனீங்க, உங்கள நான் வீட்டுக்குள்ள ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். நியாயம்தான். நம்மவர்கள் மோட்டார் சைக்கிள் வாங்கினால்கூடக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் ஏறுவதில்லை. ஆனால் வாங்காத வண்டிக்கு எப்படிப் பூசை போடுவது? பிள்ளையை ஏற்றி ஓட்டிப் பார்க்காத வண்டியை எப்படி வாங்குவது? ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு யோசித்து நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் பசாருக்குப் போய், பேத்தியின் எடைக்குச் சரியாக ஒரு மஞ்சள் பூசணிக்காயைத் தராசில் நிறுத்து வாங்கினேன். அதை பாத்தேக் சாரோங் கைலியில் சுற்றி, தக்ஷாயினியின் குல்லாயையும் மாட்டி, இன்னொரு கடைக்குக் கொண்டுபோய் வண்டியில் கிடத்தி வார் போட்டேன். "நான் உங்ககூட வரலப்பா, தனியா நிக்கிறேன்" என்று ஷாமினி பால் மாவு அடுக்கியிருந்த பக்கம் போய்விட்டாள்.

வண்டி அருமையாகத் திரும்பியது. பூசணிக்காய் ஆடவில்லை, அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மலாய்க்கார அம்மா பிள்ளையைப் பார்க்கும் ஆசையில் குனிந்தார். "அலாமாக்! கூனிங்ஞா பேபி இனி! செப்பாட் பாவா ஹாஸ்பிட்டல்!" என்று அலறினார். பிள்ளை இப்படி மஞ்சளாக இருக்கிறதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்கிறார். பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வருவது எவ்வளவு பயம் என்று நமக்குத் தெரியாதா? அவர் பதற்றம் எனக்கும் தொற்றிக்கொண்டது. "இனி புக்கான் பேபி, மக்சிக். இனி லாபு" என்று, இது பிள்ளை இல்லை, பூசணிக்காய்தான் என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டி, "சாபார் யா, பாக்சிக்" என்று பொறுமையாக இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு என்ன குறை என்று நினைத்தாரோ தெரியவில்லை. அதற்குமேல் அந்தக் கடையில் நிற்க முடியுமா? அன்று மத்தியானம் மங்களம் அந்தப் பூசணிக்காயைச் சாம்பார் வைத்தாள். "குல்லா போட்டதை எல்லாம் என்னால சாப்புட முடியாதுலா" என்று ஷாமினி தயிரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

கடைசியாக, போன வாரம் காம்பார் போனோம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. மூன்று சக்கர வண்டி இருந்தது, அதைத் தள்ளிக்கொண்டே ஓட்டப் பயிற்சி செய்யலாமாம். எனக்கு மூன்று சக்கரத்தில் நம்பிக்கை இல்லை. அதற்குப் பக்கத்தில் நாலு சக்கர வண்டி ஒன்று நின்றது, சம்பந்தி. பிரேக் ஒரு மிதியில் பிடித்தது, ஒரு மிதியில் விட்டது. அடியில் படுத்தும் பார்த்தேன், குறை இல்லை. கடைக்கு வெளியே குழி விழுந்த ரோட்டில் தள்ளினேன், மேலே வைத்த தண்ணீர்க் கோப்பை தளும்பவில்லை. "அப்ப இதையே எடுத்துரலாம்பா" என்றாள் ஷாமினி. நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு குறையும் சொல்ல வாயில் வரவில்லை. கடைசியில், "இதுல பிள்ளை அந்தப் பக்கம் பாத்துக்கிட்டுல்ல போகுது. தள்ளுறவன் யாருன்னே அதுக்குத் தெரியாதே" என்றேன்.

வண்டியை எடுக்காமலே வீட்டுக்குத் திரும்பினோம். கார் கோப்பேங் தாண்டும்போதுதான் ஷாமினி பேசினாள். "அப்பா, நீங்க ஸ்ட்ரோலர் தேடல. நாள கடத்துறீங்க." நான் சிக்னல் போட்டேன். திரும்ப வேண்டிய இடமே அங்கே இல்லை.

உங்களிடம் மறைப்பானேன், அவள் சொன்னது உண்மை. காலையில் நான் கோப்பி கலக்கும் சத்தம் கேட்டால் அந்தப் பிள்ளை காலை உதைத்துக்கொண்டு சிரிக்கிறது. பணி ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. பேத்தி இல்லாத வீட்டில் யாருக்குக் கேட்க நான் கோப்பி கலக்குவது? அதே சமயம், ஞாயிறு சாயங்காலம் மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்ட எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தங்கமான பிள்ளை, ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீங்கள் கேட்பதும் நியாயம், அவர் கேட்காமல் இருப்பது அதைவிட நியாயம். எல்லாம் தெரிந்தும் கேட்கிறேன்: தைப்பூசம் வரைக்கும் எனக்குத் தவணை கொடுங்கள். அதற்குள் எப்படியும் ஒரு நல்ல வண்டி அமைந்துவிடும். தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு நாள்கூட அனுப்ப இயலாது என்பதைப் பணிவோடும் உறுதியோடும் தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்கள் குடும்பத்தில் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், வலை நிறைய மீனோடும் மனம் நிறையச் சந்தோஷத்தோடும் வாழ வேண்டும் என்று வணங்கும்,

உங்கள் அன்புச் சம்பந்தி
சன்னாசி

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு, ஸ்டாம்பும் ஒட்டி, உறையை மூடுவதற்குள் வாசலில் கார் சத்தம் கேட்டது. கோயிலுக்குப் போகும் வழியில் கடையில் நிறுத்திப் பத்தே நிமிடத்தில் வண்டியை வாங்கிவிட்டார்கள். ஷாமினி அடியில் படுத்துப் பார்க்கவில்லையாம். "குருக்கள் வழக்கப்படி வண்டி நம்பர் என்னன்னு கேட்டாருங்க" என்று மங்களம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எலுமிச்சம்பழம் நசுங்கவில்லையாம், வண்டிதான் கவிழப் பார்த்ததாம். கடைசியில் மாப்பிள்ளை காலால் மிதித்து நசுக்கினாராம். கைப்பிடியில் பூச்சரம் சுற்றி, நெற்றி நிறையத் திருநீற்றோடு காரிலிருந்து இறங்கியதும் என் பேத்தி ராணி மாதிரி அதில் உட்கார்ந்து வீட்டுக்குள் வந்தாள்.

ஷாமினி என்னிடம் ஒரு வார்த்தையும் கோபமாகப் பேசவில்லை. இருக்கையைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். "இப்படி வச்சா பிள்ளை தள்ளுறவங்கள பாக்கும். இதத்தான் தேடி எடுத்தேன். தள்ளுங்கப்பா" என்றாள். நான் பெற்ற பெண் இவ்வளவு புத்திசாலியா என்று நினைத்துக்கொண்டே கைப்பிடியைப் பிடித்தேன். வரவேற்பறையில் நாலு தடவை சுற்றி வந்தேன். பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தது.

இன்று சாயங்காலமே கிளம்புகிறோம். காரை நான்தான் ஓட்டுகிறேன், மங்களமும் வருகிறாள், ஒரு வாரம் உங்கள் வீட்டில் தங்குவோம். ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டது, வீணாக்க மனமில்லை, இதையும் வழியில் தபாலில் போட்டுவிடுகிறேன். உங்கள் கைக்கு இது வரும்போது நான் உங்களுக்கு எதிரே சோபாவில் உட்கார்ந்திருப்பேன். சத்தம் போட்டுப் படிக்க வேண்டாம். அந்த ஒரு வாரமும் காலையில் பிள்ளையை ஆற்றோரம் தள்ளிக்கொண்டு போவது என் முறை, சாயங்காலம் உங்கள் முறை. நான் ஊருக்குத் திரும்பிய பிறகு இரண்டு முறையும் உங்களுடையதுதான். மெதுவாகத் தள்ளுங்கள், சம்பந்தி.